மோதிரத்தைக் கழற்றியவர்

அண்ணா,

அம்மா இறந்த ஐந்தாம் நாள், வழக்கப்படி அவள் துணிகளை ஆற்றில் துவைத்தாயிற்று. பெற்ற பிள்ளைகள் தொடக்கூடாது, ஊரார்தான் துவைக்க வேண்டும் என்பதை லிமாவுக்குப் போயும் மறந்திருக்க மாட்டாய். காசநோய்க்காரியின் துணி என்று ஒருவரும் குனியவில்லை.

நம் கோவிலில் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் சடங்கு நடத்த வந்திருந்த ஆயர் மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, பனி உருகிய தண்ணீரில் இறங்கினார். யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.

"ஐயோ சாமி, இப்படி முறுக்கினா கிழிஞ்சிடும். கொடுங்க இங்க!" என்று பக்கத்து வீட்டு எர்மெலிந்தா இறங்கினாள். பிறகு ஊரே இறங்கியது. ஒரு கட்டளை இல்லை, அண்ணா!

மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தபோது எல்லாரும் செய்வதுபோல் அதை முத்தமிடத் தோன்றவில்லை. விறைத்துப்போன அவர் விரல்களைத்தான் முத்தமிட்டேன்.

அம்மா தலைமாட்டில் வைத்திருந்த உன் பழைய சட்டையையும் அவரே அலசினார். கொடியிலிருந்து அதை நான் இன்னும் எடுக்கவில்லை.

உன் தங்கை