வெள்ளகோவில் சாலையில் ஓரடி இடப்பக்கம்

இன்று காலை உன் வீட்டுக்காரர் வந்திருந்தார். ஸ்கூட்டரில் முழங்காலுக்கு முன்னால் சைக்கிள் சக்கரங்களை வைக்கும் உன் வீல் பையை நிறுத்திப் பிடித்தபடி, எங்கள் கணபதிப் பகுதியின் சந்துகளில் வழி கேட்டுக் கேட்டு என் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"ஞாயித்துக்கிழமை காங்கேயத்துல சைக்கிள் ரேஸாமாங்க? கிளப்புல சொன்னாங்க. உங்களுக்கு ஆகும்னா இதை வெச்சுக்கோங்க. ஊட்ல கண்ணுல பட்டுக்கிட்டே இருக்குதுங்க" என்றார்.

பையின் ஜிப்பை இழுத்ததும் நீலகிரித் தைலத்தின் வாடை முகத்தில் அடித்தது. ரேஸுக்கு முன்னால் கெண்டைக்காலில் தைலத்தைத் தேய்த்துவிட்டு அந்தக் கையோடே சக்கரத்தை மாட்டுவாய். நீ இறந்துபோய் ஒன்றரை வருடம் ஆகிறது. வாடை அப்படியே இருக்கிறது. உள்ளே உன் இரண்டு கார்பன் சக்கரங்கள். முப்பத்தெட்டு மில்லிமீட்டர் ஆழ ரிம். அவற்றை நீ தேர்ந்தெடுத்தபோது பக்கத்தில் நின்றிருந்தவள் நான்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றாமல், பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஏனுங்க, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன். அன்னைக்கு அவ எப்படீங்க விழுந்தா? கவனமில்லாம ஓட்டிப்போட்டேன்னு சொல்லுவா. அவ கவனமில்லாத ஆளுங்களா?"

நீ அவரிடம் சொல்லவே இல்லை என்பது அந்த நொடி வரை எனக்குத் தெரியாது. "தண்ணி கொண்டாறேனுங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு, சொம்பு நிறைந்து வழிந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தேன்.

முப்பது ஆண்கள் ஓட்டும் சனிக்கிழமைக் கூட்டத்தில் பெண்கள் நாம் இருவர்தான். நீ ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். நான் பம்பு பாகங்கள் செய்யும் பட்டறையில் அளவு சரிபார்ப்பவள். இருவருக்கும் முப்பதைத் தாண்டிய வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் வந்தால் சர்ச்சில் பாட்டுக்குழுக்காரர்களிடம் நீ ஒரு வாரம் முன்பே கெஞ்சத் தொடங்குவாய். "ஆண்டவரு மன்னிச்சுருவாரு அம்மணி, எங்க பாட்டு மாஸ்டருதான் மன்னிக்க மாட்டாரு" என்பாய்.

அந்த வருடம் நாம் இருவருமே நல்ல சக்கரம் வாங்குவது என்று முடிவு செய்திருந்தோம். கடைக்காரர் இரண்டு ஜோடிகளை மேசையில் படுக்கவைத்தார். ஒன்று முப்பத்தெட்டு மில்லி ஆழம், இன்னொன்று அறுபது. அறுபதைச் சுழற்றிவிட்டபோது எழுந்த ரீங்காரத்திலேயே நான் சொக்கிப்போனேன். நீயோ ஒவ்வொரு கம்பியின் அடியிலும் விரல்நுனியை வைத்து அழுத்திக்கொண்டே போனாய். ஊசி போடும் முன் நரம்பு தேடுகிற அதே விரல்.

"நேர் ரோட்டுல வேகமாப் போறவங்களுக்கு ஆழமான ரிம் நல்லா காத்தைக் கிழிச்சுட்டுப் போகுமுங்க. பக்கவாட்டுல காத்து அடிச்சா மட்டும் கொஞ்சம் தள்ளும்" என்றார் கடைக்காரர்.

"ஏனுங்க, ஆடி மாசம் காங்கேயத்துப் பக்கம் ஓட்டலாமுங்களா?" என்று கேட்டாய்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எடை எத்தனைங்க?"

"அம்பது" என்றேன்.

"அப்ப யோசிச்சுக்கோங்க."

நான் யோசிக்கவில்லை. அதற்கு முந்தைய இரண்டு ரேஸ்களிலும் ஒரு சக்கர நீளம் பின்தங்கி இரண்டாவதாக வந்தவள் நான். அந்த ஒரு சக்கர நீளம் தூக்கத்திலும் என்னை விடவில்லை. கை பழகிக்கொள்ளும் என்று சொன்னேன். கடைக்கு வெளியே வந்ததும் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"பாலக்காட்டுக் கணவாயில இருந்து வர்ற காத்து அது. உன்னைக் கேட்டுட்டா தள்ளும்?"

நான் கையை உதறிக்கொண்டேன். "பொறாமையா இருந்தா நேரா சொல்லு" என்றேன். அன்று பஸ்ஸில் தனித்தனி இருக்கைகளில் உட்கார்ந்து வந்தோம்.

ரேஸ் ஆடியில்தான் வந்தது. காங்கேயத்தில் கிளம்பி வெள்ளகோவில் வரை காற்று முதுகில் இருந்தது. என் சக்கரங்கள் பாடிக்கொண்டு போயின. பெண்கள் பதினொரு பேரில் ஏழு பேரை அங்கேயே விட்டுவிட்டோம். வெள்ளகோவிலில் தெற்கே திரும்பியதும் எல்லாம் மாறிப்போனது. காற்று வலப்பக்கத்திலிருந்து வந்து முகத்தில் மண்ணை அள்ளிப் போட்டது. தூரத்துக் காற்றாலைகள் அத்தனையும் சுற்றிக்கொண்டிருந்தன. காற்றுக்கு மறைவு தேடி, ஒருவருக்கு இடப்பின்னால் ஒருவராகச் சரிந்த வரிசையில் ஓட்டினோம். என் முதுகுக்கு இடப்பக்கம், என் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உன் முன்சக்கரம். முன்னால் இருப்பவர் நேராக ஓட்டுவார் என்ற நம்பிக்கையில்தான் அந்த இடத்தில் யாரும் இருக்க முடியும்.

முன்சக்கரம் என் கையில் நடுங்கிக்கொண்டே இருந்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததில் விரல்கள் மரத்துவிட்டன. நீ பின்னாலிருந்து இரண்டு முறை கத்தினாய்.

"மெதுவாப் போ! இடத்தை மாத்திக்கலாம், நான் முன்னால வாரேன்!"

எனக்குக் கேட்டது. கேட்காததுபோல மிதித்தேன்.

வலப்பக்கம் ஓர் எண்ணெய் மில்லின் நீளமான மதில் வந்தது. சட்டென்று காற்று நின்றது. அந்த நிம்மதியில் வேகத்தைக் கூட்டினேன். மதில் முடிந்த இடத்தில் காற்று மொத்தமாக வந்து ரிம்மில் அறைந்தது. ஓரடி, அவ்வளவுதான், இடப்பக்கம் போனேன். என் பின்சக்கரம் எதிலோ இடித்தது. பின்னால் ஜல்லியில் ஏதோ உரசிக்கொண்டு போகும் சத்தம். ஒரே ஒரு முறை "அம்மா" என்று உன் குரல்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இதை உனக்கு எழுதும்போதும் கை நிற்கிறது. திரும்பிப் பார்த்திருந்தால் நின்றிருக்க வேண்டும். நான் பதினெட்டு கிலோமீட்டர் ஓட்டி மூன்றாவதாக வந்தேன்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் நடுவர் ஒருவர் நோட்டோடு வந்தார். "என்னம்மா ஆச்சு அங்க?"

"பின்னாடி வந்தவங்க என்ர சக்கரத்துல இடிச்சுட்டாங்கங்க" என்றேன்.

சக்கரங்கள் உரசினால் பின்னால் வந்தவர் மேல்தான் பழி விழும். சைக்கிள் ரேஸில் எல்லோரும் அப்படித்தான் நம்புவார்கள். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

உனக்குக் காரை எலும்பு முறிந்திருந்தது. மறுநாள் கிளப் ஆட்கள் நான்கு பேரோடு உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரி. தோளில் கட்டு, கன்னத்தில் ஜல்லி கிழித்த கோடுகள். எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு நீ என் பக்கம் திரும்பினாய்.

"உன்ர வீல் நல்லா இருக்குதா அம்மணி?"

"நல்லா இருக்குது."

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

அன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் பட்டறையில் ஒரே பாகத்தை நான்கு முறை அளந்தேன். நான்கு முறையும் வேறு வேறு அளவு வந்தது. அதற்கும் அடுத்த நாள் சாயங்காலம் கிளப்பில் விசாரணை வைத்தார்கள். கவனக்குறைவாக ஓட்டியதற்காக உன்னை ஒரு வருடம் விலக்கிவைப்பது என்று பேச்சு. கழுத்தில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நீ முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். செயலாளர் நடுவரின் குறிப்பைப் படித்துவிட்டு, "உங்க பக்கம் ஏதாச்சும் சொல்றீங்களாங்க?" என்று உன்னைக் கேட்டார். நீ தலையை ஆட்டினாய். இல்லை என்று.

எழுந்து நின்றேன். எழுந்துவிட்டேன் என்பதே எழுந்த பிறகுதான் தெரிந்தது.

"அவங்க இடிக்கலீங்க. நான்தான் அவங்க மேல போனேன். காத்துல வண்டி எனக்கு அடங்கலீங்க. அவங்க இடத்தை மாத்திக்கலாம்னு கத்துனாங்க. நான் கேக்கலீங்க."

என் மூன்றாம் இடத்தை நீக்கினார்கள். அந்த வருடம் முழுக்க நான் ரேஸ் ஓட்டக் கூடாது என்றார்கள். எனக்கு அது பெரிதாகவே படவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நீ ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாய். ஓடி வந்து உன் நல்ல கையைப் பிடித்தேன். நீ விடுவித்துக்கொண்டாய்.

"காத்து தள்ளுனது ஒரு நிமிசங்கூட இல்ல. அதுக்கு உன்மேல எனக்குக் கோவமில்ல. மூணு நாளு பேசாம இருந்தியே, அது நீயாச் செஞ்சது" என்றாய். ஆட்டோ வந்தது. ஏறிப் போய்விட்டாய்.

ஐந்து மாதம் நீ என்னோடு பேசவில்லை. உன் தெரு வழியாகப் போனேன், சர்ச் வாசலில் நின்றேன், போன் செய்தேன். எதற்கும் பதில் இல்லை. அறுபது மில்லி சக்கரங்களைத் துணி போட்டுச் சுற்றிப் பரணில் ஏற்றினேன். மார்கழியில் ஒரு விடியற்காலை, வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கதவைத் திறந்தால் நீ. தலையில் மப்ளர், முகத்தில் எந்தச் சிரிப்பும் இல்லை.

"வாரியா?"

சத்தி ரோட்டில் போனோம். ஊரைத் தாண்டியதும் வயல்வெளியில் வலப்பக்கத்துக் காற்று லேசாக அடித்தது. நீ என்ன செய்யப்போகிறாயோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மெல்லப் பின்வாங்கி, என் இடப்பின்னால், அதே இடத்துக்கு வந்தாய். உன் முன்சக்கரத்தின் சத்தம் என் குதிகாலுக்குப் பக்கத்தில் கேட்டது. பத்து கிலோமீட்டர். நான் கோடு போட்டதுபோல ஓட்டினேன். முதுகெல்லாம் வியர்த்து ஊற்றியது. டீக்கடையில் இறங்கியபோது என் கைகள் கண்ணாடி தம்ளரைப் பிடிக்க முடியாமல் ஆடின. நீ அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும்தான்" என்று உன் கையை நீட்டிக் காட்டினாய். அதுவும் ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் இருவரும் சிரித்தோம்.

அதன் பிறகு நமக்குக் கிடைத்தது இரண்டே வருடம். லேபில் வேலை செய்துகொண்டிருந்தபோது தலை வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தாய் என்றார்கள். இரண்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கத்தில் உன் பாட்டுக்குழு பாடியது. உன் பாட்டு மாஸ்டர் பாதியில் குரல் உடைந்து நிறுத்திவிட்டார்.

இவ்வளவும் குழாயடியில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்குள் ஓடியது. உண்மையை மறைப்பது எவ்வளவு எளிது என்பதும் ஓடியது. கேட்பவருக்கு எதுவும் தெரியாது. நீயே மூடிவைத்த விஷயம். "பலமா காத்துங்க, யாரு மேலயும் தப்பில்ல" என்று சொல்லி வழியனுப்பியிருக்கலாம். எதற்காக நீ மறைத்தாய்? என்னைக் காப்பாற்றவா, அவர் என்னைப் பார்க்கும்போது முகம் சுளிக்கக் கூடாது என்றா? உன்னைக் கேட்க முடியாது.

சொம்பை அவர் கையில் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை கூட நான் காத்திருக்கவில்லை.

"அவ கவனமாத்தானுங்க ஓட்டுனா. தள்ளிவிட்டது நானுங்க" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நிற்காமல் போனதை, நடுவரிடம் சொன்னதை, மூன்று நாளை, எதையும் குறைக்கவில்லை.

அவர் சொம்பைக் கீழே வைத்தார். "வலியில ராத்திரியெல்லாம் படுக்க முடியாம உக்காந்தே இருந்தாளுங்க அவ. நான் அவளைத்தான் திட்டினேன். பாத்து ஓட்ட மாட்டியான்னு" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு எழுந்து பையின் ஜிப்பை மூடினார். "இது எங்ககிட்டயே இருக்கட்டுங்க இப்போதைக்கு" என்றார்.

"சரிங்க" என்றேன்.

ஸ்கூட்டர் வரை நானே பையைத் தூக்கிவந்து அவர் முழங்காலுக்கு முன்னால் நிறுத்தினேன். கிளம்பும்போது ஒரு முறை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று சாயங்காலம் வரை யோசித்தும் தெரியவில்லை. திரும்ப வருவாரா என்பதும் தெரியவில்லை. வராமல் இருந்துவிடவும் அவருக்கு உரிமை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை அதே சாலை. பயிற்சிக்கு ஓட்டும் சாதாரணச் சக்கரங்களை மாட்டியிருக்கிறேன். கடைசியாக வந்தாலும் வரலாம். தொடக்கக் கோட்டில் நிற்கும்போது என் பின்னால் ஓட்டப்போகிற பெண்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: "நான் அம்பது கிலோதானுங்க, காத்து அடிச்சா எனக்கு வண்டி அடங்காது, ஒரு முறை ஒருத்திய தள்ளிவிட்டிருக்கேன், எனக்கு இடப்பக்கம் கொஞ்சம் எடம் உட்டு வாங்க." எப்படிப் பார்ப்பார்களோ பார்க்கட்டும். அதைச் சொல்லிவிட்டுத்தான் மிதியில் கால் வைப்பேன்.