பந்தல் நேராகத்தான் இருக்கிறது

மே 4

கண்ணாடிக் கடையில் இன்று முழுக்கக் கோணல் ஃப்ரேம்கள். மூக்கின் மேல் ஒரு பக்கமாக இறங்கி நிற்பதை நிமிர்த்திக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் கட்டிய சுரைப்பந்தலைப் பார்த்துக் கட்டிய மனைவி கேட்கிறாள்: "என்னங்க இது, தூங்கி விழுது?"

தூங்கி விழுகிறதாம்! இதற்காகக் கட்டைவிரல் நகமே போயிருக்கிறது எனக்கு. சரி, லேசாக — மிக லேசாக — வலது பக்கம் ஒரு சாய்மானம் உண்டு. காற்றுக்கு இடம் கொடுத்துக் கட்டியிருக்கிறேன் என்றேன். அவள் சுருட்டி வைத்த துணிக்கொடியைப் பார்த்தாள். பந்தல் நிற்பது அவள் துணி காயப்போடும் இடத்தில். அந்தக் கோபம் வேறு.

மே 5

தீர்ப்பு வந்துவிட்டது. மாதக் கடைசியில் என் அக்கா வருகிறாள். அதற்குள் வெளியாள் யாராவது ஒருத்தர் பந்தலைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிரித்துவிட வேண்டும். "உங்க அக்கா வாயில விழுந்து எழுந்திருக்க எனக்குத் தெம்பு இல்லீங்க."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பள்ளிக்கூடத்தில் நான் செய்த முக்காலியைப் பற்றி என் கல்யாணப் பந்தியில் வைத்துப் பேசினவள் அக்கா. எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை. நான் கையால் செய்த ஒரே ஒரு பொருள் அக்கா கண் முன்னால் நின்றால் போதும்.

மே 7

கூரியர்காரரிடம் பந்தல் எப்படி என்று கேட்டேன். கையெழுத்துப் போடச் சொன்னார். தண்ணீர் கேன் போடுகிறவர், "எது சார்?" என்றார். எது சாராம்! மாடியில் குடியிருக்கும் டீச்சர் மட்டும்தான் நின்று பார்த்தார். "கொடி ஏறிட்டா மறைஞ்சிடும் சார்" என்றார். இது ஆறுதலா, அவமானமா?

மே 9

செல்போனில் வீட்டுத் தோட்டக் குழு ஒன்றில் சேர்ந்தேன். பந்தலைப் படம் எடுத்தேன். அசிங்கமாக இருந்தது. கையைக் கொஞ்சம் சாய்த்து எடுத்தேன். அடடா! என்ன கம்பீரம்! இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. கடையில் ஃப்ரேமுக்குச் செய்வதைத்தான் படத்துக்கும் செய்தேன்.

'உண்மையைச் சொல்லுங்கள், மனம் புண்படாது' என்று எழுதிப் போட்டிருக்கிறேன். பொய். புண்படும்.

மே 10

செம்பருத்தி என்று பெயர் வைத்திருக்கும் அம்மா ஒருவர்: 'பந்தல் அருமைங்க.' மண்புழு மாமா என்பவர்: 'நூல் பிடிச்ச மாதிரி நிக்குது தம்பி.' நூல் பிடித்த மாதிரி! சமையலறை வரைக்கும் போய் இவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தையே வெகுநேரம் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். ஜெயித்துவிட்டேன்.

மே 11

மண்புழு மாமா மறுபடியும் எழுதியிருக்கிறார்: 'பந்தல் ஓகே தம்பி. பின்னாடி உங்க வீடு இடது பக்கமா சாயுதே, கவனிச்சீங்களா?'

மே 12

கையைச் சாய்த்தால் பந்தலோடு சேர்ந்து வீடும் சாயும் என்று ஒரு மனிதனுக்குத் தோன்ற வேண்டாமா? தோன்றவில்லையே!

குழுவே அல்லோலகல்லோலப்படுகிறது. அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்கிறார் ஒருவர். மேல் தொட்டித் தண்ணீரை உடனே திறந்துவிடச் சொல்கிறார் இன்னொருவர். செம்பருத்தியம்மா தன் வீட்டில் ஓர் அறை காலியாக இருப்பதாகச் சொல்கிறார். பந்தலைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம்.

நிஜத்தைச் சொன்னால் வீடு நிமிர்ந்துவிடும், பந்தல் சாய்ந்துவிடும். என்ன செய்ய? 'கவனிக்கிறோம், நன்றி' என்று எழுதினேன்.

மே 14

காலையில் மாடியில் எதையோ இழுக்கும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் டீச்சர் வியர்த்து விறுவிறுத்து நிற்கிறார். அவரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாராம்! "பீரோவை வலது பக்கம் தள்ளிட்டேன் சார். பாரம் கொஞ்சம் சமமாகட்டும்." வீட்டுக்குள் நடப்பதும் இப்போது வலது ஓரமாகத்தானாம்.

கீழே வந்தேன். இவள் வெங்காயம் நறுக்கியபடி, "சொல்லித் தொலைங்களேன்" என்றாள். படத்தைப் பார்த்த அன்றைக்கே இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மே 17

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

மண்புழு மாமா நேரிலேயே வந்துவிட்டார். ரிடையர்டான கட்டட இன்ஜினியராம். டீச்சர் விலாசம் கொடுத்திருக்கிறார். கொத்தனார்கள் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, நூலில் தொங்கவிட்டு, வீட்டை நாலு பக்கமும் பார்த்தார். பார்த்து முடித்துப் பெருமூச்சு விட்டார்.

"வீடு பிரமாதமா நிக்குது தம்பி, பயப்படாதீங்க" என்றார். அப்புறம் திரும்பினார். பந்தலைப் பார்த்தார்.

"இது எப்ப விழுந்துச்சு?"

விழவில்லை, கட்டியதே அப்படித்தான் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. இவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லாருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

குழுவில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு வெளியேறினேன். பீரோவைப் பழைய இடத்துக்கு நகர்த்த டீச்சருக்கு ஒரு பக்கம் பிடித்தேன். கனம்!

மே 18

ஆணி பிடுங்கும் கம்பியோடு பந்தலுக்குக் கீழே போய் நின்றேன். கொடி அதற்குள் மேலே போய்க் கம்பி வலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையாக ஒரு பூ, பூவின் அடியில் கட்டைவிரல் அளவு பிஞ்சு. எதைப் பிடுங்குவது? நாளைக்குப் பிரிக்கிறேன் என்றேன். "சரி" என்றாள்.

மே 22

இன்றும் பிரிக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

மே 28

காய் முழங்கை நீளம் வந்துவிட்டது. சந்தோஷப்பட முடிகிறதா? மண்புழு மாமாவின் தூக்குக்குண்டு மாதிரி பாவி அவ்வளவு நேராகத் தொங்குகிறது! பக்கத்திலேயே பந்தல் கால். எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது, கடைக்குக் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்குக்கூடத் தெரியும். நான் வளர்த்த சுரைக்காயே என்னைக் காட்டிக்கொடுக்கிறது.

இவளும் வந்து பக்கத்தில் நின்றாள். காயைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். நாளைக்குக் கட்டாயம் பிரித்துவிட வேண்டும்.

மே 31

பிரிக்கவில்லை. அக்கா வந்துவிட்டாள்.

பெட்டியைக்கூட இறக்கவில்லை, நேராகத் தோட்டத்துக்குப் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள். "என்னடா இது, அந்த முக்காலிக்குத் தங்கச்சியா?"

சுரைக்காயை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தால், காயைக் காணோம்! காம்பு மட்டும் இருக்கிறது. காலையிலேயே இவள் பறித்திருக்கிறாள், சமையலறை மேடையில் படுத்திருந்தது.

இவள் ஈரத்துணி வாளியோடு வந்தாள். பந்தலின் குறுக்குச் சட்டத்தில் துண்டை உதறிப் போட்டாள். இழுத்துச் சரிசெய்துகொண்டே நிதானமாகச் சொன்னாள்:

"பந்தல் நேராத்தான் இருக்கு அண்ணி. எங்க வீடுதான் லேசா இடது பக்கம் சாஞ்சிருக்கு. இன்ஜினியர்கூட வந்து பாத்துட்டுப் போனார்."

அக்கா வீட்டை அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். தலையைச் சாய்த்தும் பார்த்தாள்.

இவள் கையிலிருந்து வாளியை வாங்கி மிச்சத் துணியை நானே காயப்போட்டேன். அக்கா அதன் பிறகு பந்தல் பேச்சையே எடுக்கவில்லை. கைப்பையைக் கீழே வைக்காமல், வீட்டுக்குள் வலது ஓரமாகவே நடந்துகொண்டிருக்கிறாள்.