பருத்திமாரும் பழைய மாத்திரையும்

நவம்பர் 11

குழாயில் கேஸ் வந்தது. தேநீர் கொதிப்பதற்குள் போய்விட்டது. என் பாலர் பள்ளிப் பிள்ளைகள் கோட்டும் குல்லாயுமாக உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். சுகாதார ஆய்வாளர் கூடத்துச் சுவரில் ஒரு வெப்பமானியை அடித்துவிட்டுப் போயிருக்கிறார். புத்தாண்டுக்கு முன்னால் மறுபடி வருவாராம். அன்றைக்கும் கூடம் இப்படியே விறைத்துக் கிடந்தால் பாலர் பள்ளிக்குப் பூட்டு, பிள்ளைகளை நகரத்துக்குப் பஸ்ஸில் அனுப்பிக்கொள்ளுங்கள் என்கிறார். மூன்று வயதுப் பிள்ளையை, இந்தப் பனியில், எங்கள் ஊர் பஸ்ஸில்! தாய்மார்கள் பாதிப் பேர் தையல் ஆலைக்குப் போகிறவர்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

வெப்பமானியைப் பிடுங்கி எறியலாமா என்று பார்த்தேன். பாவி, ஆணியை ஆழமாக அடித்திருக்கிறார்.

நவம்பர் 15

என் சித்தி மகன் ஜுமானஜார் தாஷ்கண்டிலிருந்து லாரியோடு வந்து இறங்கினான். எஞ்சினியர். பள்ளிக் கொல்லையில் ஒரு இரும்பு உலையை இறக்கி வைத்திருக்கிறான். பருத்திமாரை, அதாவது பருத்தி எடுத்தபின் காய்ந்து நிற்கும் செடியை, நறுக்கி, காலாவதியான மருந்தோடு கலந்து, காற்றுப் புகாத டிரம்மில் சூடேற்ற வேண்டுமாம். அதிலிருந்து வாயு வரும், அதை எரித்தால் கூடம் சூடாகும், மிச்சம் கரி. மார் மட்டும் போட்டால் போதாதா என்றேன். போதாது, மருந்து சேர்ந்தால்தான் வாயு கூடும் என்கிறான்.

எங்கள் குவாரிஸ்ம் மாகாணத்தில் பருத்திமார் இல்லாத கூரை உண்டா? மருந்தும் அப்படித்தான், எல்லா வீட்டுக் குளிர்பெட்டிக் கதவிலும் ஒரு பை நிறைய இருக்கும். வேலை முடிந்த மாதிரிதான்.

நவம்பர் 20

முடியவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினேன். தேநீர் கொடுத்தார்கள், ரொட்டி பிய்த்து வைத்தார்கள், உலர்ந்த ஆப்ரிகாட்டைக் கோட்டுப் பையில் திணித்தார்கள். மருந்து மட்டும் தரவில்லை. ஒரு வீட்டில் எடுத்துக் காட்டினார்கள் — அந்த மாத்திரையைச் செய்த நாடே இப்போது இல்லை. அதையும் உடனே உள்ளே வைத்துவிட்டார்கள். கொடுத்தால் மறுநாளே அந்த நோய் வந்துவிடுமாம்.

தையல் ஆலை ஷரிஃபா படித்த பெண். அவளே சொல்கிறாள், "காலாவதி அட்டைக்குத்தான்க்கா, மாத்திரைக்கு இல்ல."

நவம்பர் 22

எங்கள் பேட்டை, மகல்லாவின் தலைவர் மத்யாகூப் அண்ணனிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். சிரிக்கிறார். "கேட்டா யாரும்மா குடுப்பா? இலக்கு வைக்கணும்."

வீட்டுக்கு இத்தனை மூட்டை பருத்தி என்று இலக்கு வைத்த சோவியத் காலத்து மனிதர். சாயங்காலமே தேநீர்க்கடை வாசலில் இரண்டு பலகைகளை நட்டுவிட்டார். இலக்கை எட்டிய வீடு சிவப்புப் பலகையில், எட்டாத வீடு கறுப்பில். பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் அந்தக் கடையில்தான் தேநீர் குடிப்பார்கள். கறுப்பில் பெயர் இருந்தால் போதாதா?

நவம்பர் 26

மருந்து வருகிறது. வருகிறதா, கொட்டுகிறது!

நவம்பர் 29

பெண்கள் எல்லாரும் கூடி, ஒரு பக்கம் பலாவ் வேக, அட்டைகளிலிருந்து மாத்திரை உதிர்த்தோம். கல்யாணத்துக்குக் காரட் நறுக்குவது போல ஒரே சிரிப்பு. அட்டைகள் பளபளவென்று இருந்தன. சந்தேகப்பட்டுத் தேதி பார்த்தேன். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

ஷரிஃபாவைத் தனியே இழுத்துக் கேட்டேன். "வீட்ல இருக்கறத எப்படிக்கா குடுக்க முடியும்? அதான் கடையில புதுசா வாங்கினேன்."

எல்லாரும் அதையேதான் செய்திருக்கிறார்கள். பழைய மருந்து வீட்டில் பத்திரமாக இருக்கிறது, புது மருந்து உலைக்கு வந்திருக்கிறது. மருந்துக்கடை சதோகத்தின் பெயர் சிவப்புப் பலகையில் முதலிடம். இதைச் சொல்லி நிறுத்தலாமா? நிறுத்தினால் உலை பட்டினி, பள்ளிக்குப் பூட்டு. வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு உதிர்த்தேன்.

டிசம்பர் 2

உலை எரிகிறது. கூடம் வெதுவெதுவென்று இருக்கிறது. பிள்ளைகள் தாங்களே கோட்டைக் கழற்றிப் போட்டார்கள். சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பக்கத்து மகல்லாவும் மருந்துக்கு இலக்கு வைத்துவிட்டதாம். அவர்களிடம் உலையே இல்லை.

டிசம்பர் 9

பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பரவுகிறது. மருந்துக்கடைக்கு ஓடினேன். சதோகத் காலி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் மாத்திரை மாவட்டத்திலேயே இல்லை, சாலை பனியில் அடைத்துக் கிடக்கிறது, எப்போது வரும் என்று தெரியாது என்றாள். வீடுகளில் பழையதை எடுத்துக் கொடுத்துப் பார்க்கிறார்களாம். காய்ச்சல் இறங்கவில்லை.

டிசம்பர் 11

வெப்பமானி இருபத்திரண்டு காட்டுகிறது. யாருக்குக் காட்டுகிறது? கூடத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை.

டிசம்பர் 12

கொட்டகையில் இன்னும் உதிர்க்காத அட்டைகள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். ஜுமானஜார் தலையில் கை வைத்துக்கொண்டான். மார் மட்டும் போட்டால் கூடம் ஆய்வாளருக்குப் போதுமான சூட்டுக்கு வராதாம். எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் சொன்னேன்.

மத்யாகூப் அண்ணன் வேறு குறுக்கே நின்றார். "வந்ததத் திருப்பிக் குடுத்தா என் இலக்கு என்னம்மா ஆகுறது?"

எனக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளைக்கு ஒண்ணு ஆனா எந்தப் பலகையில எழுதுவீங்க, அண்ணே?"

அவர் குல்லாயைக் கழற்றினார், மாட்டினார். பிறகு மெதுவாக, "திருப்பிக் குடுக்கறதுக்கும் ஒரு இலக்கு வச்சுட்டா?" என்றார். கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன், தலைவராகப் போய்விட்டார்.

டிசம்பர் 14

நர்ஸை உட்காரவைத்து விநியோகம். கொடுத்ததைவிட அதிகமாகத்தான் ஒவ்வொருவரும் கேட்டார்கள். மூட்டைகள் காலி. இலவச மருந்து கொடுத்ததில் எங்கள் மகல்லா மாவட்டத்திலேயே முதலிடம். சிவப்புப் பலகையில் எழுதியாகிவிட்டது.

டிசம்பர் 19

காய்ச்சல் இறங்கிவிட்டது. பிள்ளைகள் வந்துவிட்டார்கள், கோட்டோடு. உலையில் மார் மட்டும் புகைகிறது. வெப்பமானி பதினான்கு. தாய்மார்களிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன சொல்வது — பஸ் நேரத்தையா?

டிசம்பர் 23

ஷரிஃபா பழைய மாத்திரைப் பையோடு வந்து வாசலிலேயே நின்றாள். "புதுசு வைக்கப் பையில இடமில்லக்கா." அப்புறம் குரல் இறங்கிப்போனது. "அன்னிக்கு இதத்தான் பிள்ளைக்குக் குடுத்தேன். ஒண்ணுமே செய்யல. பயந்துட்டேன்."

வாங்கிக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் மாமியாரும் மருமகளும், ஆளுக்கொரு பை. இலக்கு இல்லை, பலகை இல்லை. மத்தியானத்துக்குள் கொட்டகை நிறைந்துவிட்டது. என்னைவிட வயதான மருந்தெல்லாம் இருக்கிறது. ஜுமானஜார் ஒவ்வொரு பையாகப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷத்தில் எதையோ பாடுகிறான், சகிக்கவில்லை.

டிசம்பர் 28

ஆய்வாளர் வந்தார். பிள்ளைகள் சட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெப்பமானியைப் பார்த்தார், நம்பாமல் சுண்டிப் பார்த்தார், சுவரைத் தொட்டுப் பார்த்தார். எதில் எரிகிறது என்று கேட்டார். கொல்லைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். கோட்டின் உள்பையில் கைவிட்டு, மடங்கிக் கசங்கிய ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நீட்டினார். "இதையும் போட்டுருங்க."

தேதி பார்த்தேன். காலாவதி ஆகித்தான் இருந்தது. வாங்கி உலையில் போட்டேன்.