முதற்பரிசு பெற்ற சுண்டெலி

பெக்லி ஹீத்,
9 செப்டம்பர் 1962

பேராசிரியர் சிரில் த்வெய்ட் அவர்களுக்கு,

மெல்போர்னில் புதிய பதவியும் பழைய மனசாட்சியும் ஒருங்கே நலமாயிருக்கும் என நம்புகிறேன். இங்கு மழை.

நம் இருவர் பெயரிலும் அடுத்த மாதம் அச்சேறவிருக்கும் கட்டுரையை மீண்டும் படித்தேன். கதிர்வீச்சால் எதிர்ப்பாற்றல் இழந்த வெள்ளைச் சுண்டெலிகள், முதுகில் ஒட்டிய கறுப்பெலித் தோலைத் தமதாகவே ஏற்றுக்கொண்டன. எதிர்ப்பொருள் நிறைந்த இரத்தநீரான சீரத்தை ஊசியில் ஏற்றியதும் அத்தனையும் அத்தோலை உதிர்த்துவிட்டன. ஆகவே எதிர்ப்பொருள் ஒன்றே போதும் என்கிறது அது. "ஒண்ணு மட்டும் கதிர்வீச்சு தாங்காம செத்துப்போச்சு, எட்கர்" என்று நீங்கள் சொன்னதை நம்பினேன். அந்த முடிவின் பேரில்தான் உங்களுக்கு அந்தப் பேராசிரியர் நாற்காலியும் கிடைத்தது.

சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் வளர்ப்புச் சுண்டெலிகளின் அழகுக் கண்காட்சி. வழக்கம்போல் பரிசளிக்க என்னை அழைத்திருந்தார்கள். உடலில் நிறத்திட்டுள்ள எலிகள் பிரிவில் முதற்பரிசு, நம் ஆய்வக எலிக்கூடங்களைப் பராமரிக்கும் திருமதி டோரிஸ் பியூவுக்கு. வெள்ளை முதுகிலிருந்த கறுப்புச் சதுரத்தைக் கண்டு நடுவர் சொக்கிப்போனார். "அளவுகோல் வச்சு வரைஞ்ச மாதிரி இருக்கும்மா. முடி மட்டும் ஏன் தலையைப் பாத்து வளருது?" என்றார். "பொறப்பே அப்படிங்க. கொஞ்சம் முரண்டு" என்றார் அம்மையார்.

ஒட்டிய தோல் எதுவெனத் தெரிய, முடி எதிர்த்திசையில் வளரும்படி ஒட்டுவது நம் வழக்கம் என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காதில் நாம் இட்ட துளைகளையும் பார்த்தேன். சீரம் ஏற்றிய கூட்டத்தைச் சேர்ந்தது; செத்துப்போனதாக நீங்கள் சொன்னது; தோலை உதிர்க்கவேயில்லை. கோப்பையைக் கொடுத்தேன், கையும் தட்டினேன்.

தேநீரின்போது விசாரித்தேன். "சிரில் ஐயாதான், 'இது ஒண்ணு எல்லாத்தையும் கெடுக்குது டோரிஸ், கழுத்தைத் திருகிடு'ன்னாரு. எனக்கு மனசு வரலை. பின்னல் பைக்குள்ள போட்டுக் கொண்டுபோயிட்டேன். வேலையை விட்டு எடுத்துடாதீங்க" என்று அழுதார். அவர் வேலைக்கு ஆபத்தில்லை என்றேன். உங்களுடையதைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை.

எலிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் சிரில். நன்றாகச் சாப்பிடுகிறது. ஊட்டும் கையைக் கடிக்கிறது.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம் என் மேசையில் தயாராக இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை. உங்கள் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் என்பதைத் தவிர, அதற்கு அறிவியல் காரணம் ஏதுமில்லை. அது உங்கள் கையால் போவதே முறை. சுண்டெலியின் ஆயுள் குறுகியது. சாட்சி சாகட்டும் என்று நீங்கள் காத்திருப்பீர்கள் என எண்ண எனக்கு விருப்பமில்லை.

இரண்டு சிரில்களும் நீடு வாழ்க.

இந்தத் தபால் வரையில் உங்கள் நண்பன்,
எட்கர் வின்டர்போர்ன்