அலமாரியிடம் பேசிய மாமா

மாமா,

துருப்பிடித்த போல்ட்டின் மேல் தேங்காய் எண்ணெய் விட்டால் ஒரு வாசனை வரும். அது பட்டறை வாசனையும் இல்லை, சமையல் வாசனையும் இல்லை. இன்று காலை அது மூக்கில் ஏறியதும் ஸ்டூலிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, இந்தக் காகிதத்தை எடுத்துவிட்டேன்.

எண்ணூருக்கு வீடு மாறியிருக்கிறோம். முன்பு இருந்தவர்கள் சமையலறைச் சுவரில் வரிசையாக அலமாரி அடித்து வைத்திருக்கிறார்கள். கடல்காற்றில் பலகையெல்லாம் ஊறி, ஓரம் பிசுபிசுத்து உப்பிப் போயிருக்கிறது. மெர்சி உள்ளே வந்து பார்த்தாள். "எறக்கிடுங்க" என்றாள். அவ்வளவுதான். உங்கள் மகள் அதற்கு மேல் எப்போது பேசியிருக்கிறாள்? எண்ணெய் உள்ளே இறங்க நேரமாகும். அதுவரை உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் என்னோடு பேசாமல் இருந்த காலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நானும் மெர்சியும் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது நீங்கள் வரவில்லை. அதில் நியாயம் இருந்தது. ராயபுரத்தில் மாதா கோவில் பிள்ளையாக வளர்ந்த பெண், திருவொற்றியூர் குப்பத்தில் மீன் விற்கும் அம்மாவின் மகனை, அதுவும் வேற்று மதத்துக்காரனைக் கட்டிக்கொண்டால் எந்த அப்பாவுக்குத்தான் உடனே சிரிப்பு வரும்? நாங்கள் காலடிப்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். பிறகு உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆனது. மெர்சி உங்களைப் பார்த்துக்கொள்ள ராயபுரம் வந்தாள். அவளோடு நானும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். உங்கள் கண் நன்றாகத் தெளிந்துவிட்டது. ஆனால் "இனிமே கெளம்பு" என்று சொல்ல வேண்டுமென்றாலும் நீங்கள் என்னிடம் பேசியாக வேண்டுமே! அதனால் நாங்கள் அங்கேயே தங்கிவிட்டோம்.

நீங்கள் பேசாமலும் இல்லை. நேராகப் பேசவில்லை, அவ்வளவுதான். நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். "மெர்சி, அவருக்குக் கொழம்பு வேணுமானு கேளு" என்பீர்கள். நானும் "மெர்சி, போதும்னு சொல்லு" என்பேன். அவள் நடுவில் உட்கார்ந்து எதையும் யாருக்கும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். அவள் நர்ஸ் வேலைக்குப் போய்விட்டால் உங்கள் பாடு திண்டாட்டம். டிவியைப் பார்த்து "டீ ஆறுது" என்பீர்கள். சுவர்க் காலண்டரிடம் "வெளிய மழை வர்ற மாதிரி கீது, கொடை எத்துக்கினு போவணும்" என்பீர்கள். கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறவன் நான். நாள் முழுக்க லாரிக்காரர்களின் கத்தலைக் கேட்டு வருகிறவன். உங்கள் வீட்டில் காலண்டருக்குச் சொல்லப்பட்ட அந்தக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

உங்கள் சமையலறை அலமாரிகளோடுதான் எனக்கு ஆகவில்லை. பெரம்பூர் ரயில்பெட்டி வேலையில் உங்களோடு இருந்த ஒருவரின் மகனுக்கு மெர்சியைக் கேட்டிருந்தார்கள். அவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள் என்று நீங்கள் ஆளை வைத்து, கூடவே நின்று, சுவரில் அடித்த அலமாரிகள் அவை. பழுப்பு நிறத்தில், வெள்ளிக் கைப்பிடியோடு இரண்டு பெரிய பெட்டிகள். உள்ளே வைக்கப் பூப்போட்ட டின்னர் செட் ஒன்றும் வாங்கினீர்கள். வந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் மெர்சி என்னைப் பற்றிச் சொன்னாள். அதிலிருந்து அந்த டின்னர் செட்டை யாரும் தொட்டதில்லை. நான் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கதவுகள் என்னை மேலும் கீழும் பார்ப்பது போலவே இருக்கும்.

கடல்காற்றுக்கு அந்தப் பெருமையெல்லாம் தெரியாது. கீல் துருப்பிடித்து, ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு கதவு கழன்று நேராக தோசை மாவுப் பாத்திரத்தில் விழுந்தது. அடுப்படியில் நின்ற மெர்சிக்குத் தலை தப்பியது. முகமெல்லாம் மாவு. அவள் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"நாளிக்கு நான் டூட்டி முடிஞ்சி வர்றப்ப இது செவுத்துல இருக்கக் கூடாது."

"கார்பெண்டர வரச் சொல்றேம்மா" என்றீர்கள்.

"அவரு ஊர்ல இல்ல. நீங்க ரெண்டு பேருந்தான் கீறீங்க. கழட்டுங்க."

மறுநாள் ஞாயிறு. நீங்கள் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்தீர்கள். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் துண்டைப் போட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து உங்கள் பழைய கருவிப்பையை இழுத்தீர்கள். நான் பனியனோடு சமையலறையில் நின்றேன். வீட்டில் நாம் இரண்டு பேர் மட்டும். டிவி கூடத்தில் இருந்தது, காலண்டரும் கூடத்தில்தான். நீங்கள் சுற்றுமுற்றும் பார்த்தீர்கள். கடைசியில் அலமாரியையே பார்த்துச் சொன்னீர்கள்: "உள்ள கீற சாமானெல்லாம் மொதல்ல எடுத்துரணும்."

எடுத்தேன். டப்பாக்கள், பாட்டில்கள், அந்தப் பூப்போட்ட தட்டுகள் எல்லாவற்றையும் கீழே அடுப்பு மேடையில் வைத்தேன். மேடை நிறைந்ததும் தரையில் வைத்தேன். கதவுகளைக் கழற்றி வாசற்படியில் சாய்த்தோம். அப்போது இரண்டு பேருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அதன் பிறகுதான் வேலை. சாதாரண ஸ்க்ரூ போதும் என்று அலமாரி அடித்த ஆள் அப்போதே சொல்லியிருக்கிறார். நீங்கள் கேட்கவில்லை. ரயில் ஓடுமே, அதில் பெட்டி கழன்றுவிடக் கூடாது என்று போடுகிற மாதிரி போல்ட் போட்டிருந்தீர்கள். இரண்டு பெட்டியையும் பக்கவாட்டில் வேறு முடுக்கி ஒன்றாக்கியிருந்தீர்கள். அந்தத் தலைகளெல்லாம் துருவில் மூழ்கிக் கிடந்தன. எண்ணெய் விட்டீர்கள், தட்டினீர்கள், திட்டினீர்கள். "எவன்டா இத்த இவ்ளோ டைட்டா போட்டது?" என்று ஒருமுறை உங்களை அறியாமல் கேட்டீர்கள். நான் அலமாரியைப் பார்த்து, "தெரிஞ்சவருதான்" என்றேன். உங்கள் மீசை ஒரு பக்கம் அசைந்தது. சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஸ்பேனர் எங்க போச்சின்னு தெரில" என்றீர்கள் அலமாரியிடம்.

"அலமாரியே, அது அவரு மடிலதான் கீது" என்றேன் நானும்.

இப்படியே ஒவ்வொன்றாகக் கழன்றது. நீங்கள் ஸ்டூலில் நின்று திருக, நான் கீழிருந்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தேன். கடைசி போல்ட் நகரவே இல்லை. நீங்கள் ஸ்பேனரில் உடம்பு முழுவதையும் போட்டு ஒரு இழு இழுத்தீர்கள். போல்ட் வந்தது. கூடவே ஒரு கையளவு சுவரும் பெயர்ந்து வந்தது. இரண்டு பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்து என் பக்கமாகச் சாய்ந்தன.

"டேய்! வுடாத! புட்றா!"

"புடிச்சிகினுதான் கீறேன் மாமா!"

அந்த 'டேய்'தான் மாமா. கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் சொல். நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கையில் அவ்வளவு கனம் இருக்கும்போதும் கவனித்தேன்.

ஸ்டூலில் நின்றபடி நீங்கள் ஒரு முனையைப் பிடித்திருந்தீர்கள். "மாமா, துண்ட என் தலைல வையுங்க. நான் தலைல வாங்கிக்கிறேன், நீங்க மெதுவா எறங்குங்க" என்றேன். ஒரு கையால் துண்டைச் சுருட்டிச் சும்மாடாக என் தலையில் வைத்தீர்கள். மீன் கூடை சுமக்கிற வீட்டில் பிறந்தவனுக்குத் தலையில் பாரம் வாங்கத் தெரியும். நீங்கள் இறங்கி மறுமுனையைத் தாங்கிக்கொண்டீர்கள்.

"செரி, எறக்கு" என்றீர்கள்.

"எங்க?"

அப்போதுதான் இரண்டு பேரும் பார்த்தோம். மேடை முழுக்கத் தட்டு. தரை முழுக்க டப்பா. வாசலை அடைத்துக்கொண்டு கதவுகள். அந்தச் சமையலறையில் இறக்கி வைக்க ஒரு சாண் இடம் இல்லை.

"அய்யய்யோ" என்றீர்கள். "கை எடுத்தா போச்சு. செத்த நேரம் நில்லு. யாராச்சும் வருவாங்க."

நின்றோம். பெட்டிக்கு அடியில், இரண்டு அடி இடைவெளியில், முகத்துக்கு முகம். உங்கள் தலையெல்லாம் சுண்ணாம்பு. பார்த்துப் பேச வேறு எதுவும் இல்லை. அலமாரி நம் தலைக்கு மேல் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "உங்கம்மா இன்னும் யாவாரத்துக்குப் போவுதா?" என்று கேட்டீர்கள்.

"போவுது மாமா. காலடிப்பேட்டலதான்."

"என் மேல கோவமா கீதா?"

"கோவமெல்லாம் இல்ல. வாராவாரம் உங்களுக்கு மீன் குடுத்தனுப்புதே, நீங்க அத்த மாடிப்படிப் பூனைக்குப் போட்டுட்றீங்கன்னு கொஞ்சம் வருத்தம்."

உங்கள் முகம் அப்போது போன போக்கை நான் மறக்கவே மாட்டேன்.

"பூனைக்கா? யார்டா பூனைக்குப் போட்டது? நாந்தான் துன்னேன்!"

"மெர்சிகிட்ட பூனை துன்னுச்சின்னு..."

"அப்பறம் இன்னான்னு சொல்றது? வேணாம்னு அன்னிக்கு வீராப்பா சொல்லிட்டேன். வாசன வுடல. அந்த வஞ்சிரம் கீதே..." என்று ஆரம்பித்து நிறுத்தினீர்கள். நான் சிரித்துவிட்டேன். என் தலை ஆட, பெட்டி ஆட, "சிரிக்காத, சிரிக்காத, வுழுந்துரும்" என்று சொல்லிக்கொண்டே நீங்களும் சிரித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்க ஒரு கை கிடையாது.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் நீங்கள் அதைச் சொன்னீர்கள். குரல் இறங்கியிருந்தது. "மொதல்ல கோவந்தான். பொய் சொல்ல மாட்டேன். அப்பறம் கோவம் போய்ட்ச்சி. ஆனா இத்தினி நாளு பேசாம இருந்துட்டு, திடீர்னு எத்த சொல்லி ஆரம்பிக்கிறதுன்னு தெரில. அதான்."

நான் பதிலுக்கு ஏதாவது தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் லூர்து அக்கா குரல் கேட்டது. கீழ்வீட்டில் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர், சுவர் பெயர்ந்த சத்தம் கேட்டு மேலே வந்திருக்கிறார். கதவுகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, மாமனும் மருமவனும் பெட்டியத் தூக்கிகினு நிக்கிறீங்க? திருவிழாச் சப்பரமா?"

"மேடைல கீற தட்டெல்லாம் எடு லூர்து, கை போவுது!"

அவர் அவசரமே படவில்லை. கதவுகளைத் தள்ளிவிட்டு வந்து, ஒரு தட்டை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பூ நல்லா கீதுண்ணா. எப்ப வாங்கனது?" அடுத்த தட்டு. "இது ஒண்ணு ஓரம் போயிருக்கு பாருங்க." நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சேசுவே, சேசுவே என்று முனகினீர்கள். பாதி மேடை காலியானபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்: "எதுக்கு இந்தப் பேஜாரு? கார்பெண்டர் எதுத்தாப்புல டீக்கடைலதான குந்திகினு கீறாரு. கூப்ட்டிருக்கலாம்ல?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். இரண்டு பேர் வாயிலும் ஒரே பெயர்தான் வந்தது.

"மெர்சி!"

பெட்டியை இறக்கினோம். அலமாரி இருந்த இடத்தில் சுவர் பழைய நீல நிறத்தில் சதுரமாகத் தெரிந்தது. போல்ட் போன ஓட்டைகள் வழியே பல்லி போய் வரலாம் போலிருந்தது. சமையலறைக்குள் அவ்வளவு வெளிச்சம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மெர்சி வந்தபோது நாம் இரண்டு பேரும் குளிக்காமல், சுண்ணாம்பு படிந்த தலையோடு, அம்மா அனுப்பிய சங்கரா வறுவலை அந்தப் பூப்போட்ட தட்டில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் கைப்பையைக்கூட வைக்காமல் நின்றாள். "டேய், இன்னொரு துண்டு வெச்சுக்கோ" என்று நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள். கார்பெண்டரைப் பற்றிக் கேட்டதற்குக் கடைசிவரை பதிலே சொல்லவில்லை.

அடுத்த வாரம் நீங்களே பையோடு காலடிப்பேட்டைக்குப் போய் அம்மா முன்னால் நின்றீர்களாம். அம்மா கத்தியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாளாம். "பூனைக்கு வஞ்சிரம் வேணும்" என்றீர்களாம். அம்மா இன்னமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அதற்குப் பிறகு நாம் எவ்வளவு பேசினோம்! கால்பந்துக்குச் சண்டை, அரசியலுக்குச் சண்டை, குழம்பில் புளிக்குச் சண்டை. நான் எந்த வேலையைத் தொட்டாலும், "மொதல்ல எங்க எறக்கறதுன்னு பாரு, அப்பறம் தூக்கு" என்பீர்கள். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்த அந்தக் கடைசி வாரத்திலும், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பூனைக் கதையைத்தான் சொன்னீர்கள். நீங்கள் போன பிறகு, கோவிலுக்கு உங்கள் பெட்டியைக் கொண்டுபோகும்போது முன்பக்கம் யார் தூக்குவது என்று உங்கள் உறவுக்காரர்கள் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒதுங்கி நின்றேன். லூர்து அக்காதான் கூட்டத்துக்குள் வந்து சத்தமாகச் சொன்னார்: "அண்ணன் எங்கிட்ட சொல்லிட்டுதான் போனாரு. முன்பக்கம் அவன் புடிக்கட்டும், அவன் வுட மாட்டான்னு."

விடவில்லை மாமா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தம்பியும் நானும் ஆறேழு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. அப்பா ஓட்டிய பழைய படகை என்னைக் கேட்காமல் விற்றுவிட்டான். எனக்குக் கோபம். பிறகு கோபம் தேய்ந்து போனது. ஆனாலும் அவன் எண்ணைப் பார்ப்பேன், அழைக்க மாட்டேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது? நீங்கள் பெட்டிக்கு அடியில் நின்று சொன்னது எனக்கு முழுதாகப் புரிந்தது இந்த மாதங்களில்தான். நல்ல சொல்லாகத் தேடிக்கொண்டே இருந்தால் வருஷம் ஓடிவிடும்.

இந்த வீட்டு அலமாரியை இறக்குவது ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை. இன்று காலை அவனை அழைத்தேன். எடுத்தான்.

"டேய், வூட்ல ஒரு பெரிய பெட்டி எறக்கணும். ஆள் இல்ல" என்றேன்.

அவன் பக்கத்தில் ஏதோ படகின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"எந்த வூடு? புது வூடா?"

"ம்."

"வரேன்."

படியில் இப்போது செருப்புச் சத்தம் கேட்கிறது. மேடையைக் காலி செய்து வைத்திருக்கிறேன், தரையையும்தான். அவனிடம் அடுத்து என்ன சொல்வது என்று மட்டும் இன்னும் யோசிக்கவில்லை. ஏதாவது ஒன்று வாயில் வரும். கதவைத் திறக்கப் போகிறேன் மாமா.