நீலக் கவரில் காய்த்த தக்காளி

நேற்று மாடிப்படி ஏறும்போது அந்த வாசனை வந்தது. மெழுகுவர்த்தியை அணைத்ததும் வருமே, அதோடு புது இரும்பைச் சேர்த்தது போல ஒரு வாசனை. முகர்ந்த பிறகு தொண்டையில் லேசாக இனிக்கும். உன் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது, நீ ஷிப்ட் முடிந்து வந்திருக்கிறாய் என்று ஒரு நொடி நினைத்தே விட்டேன்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே இருந்தது நீ இல்லை. உங்கள் போர்ஷனுக்குத் தென்காசிப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு ஜோடி குடி வந்திருக்கிறது. அவன் உன்னைப் போலவே ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அந்தப் பெண் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, கத்தரிக்கோலால் நீலக் கவர்களின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. எங்க வீட்டுக்காரர் கொண்டாந்தாக. கம்பெனில சும்மா கெடந்துச்சாம். மாடியில கீரை போடலாம்னு இருக்கேன். நல்லா கனமா இருக்குல்லா?"

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் அவள்மேல் அல்ல, உன்மேல்தான் கோபம் வந்தது. நீ போனபோது எல்லாரும் உன்னைப் பற்றி ஏதாவது சொன்னார்கள், எழுதினார்கள். குரூப்பில் உன் போட்டோவைப் போட்டுப் பூ வைத்தார்கள். நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் நல்ல வார்த்தை வராது என்று எனக்குத் தெரியும். இப்போது, மூன்று வருஷம் தாமதமாக எழுதுகிறேன். இப்போதும் வரவில்லை.

முதல் தடவை நீ என்னிடம் பேசியது நினைவிருக்கிறதா? வடக்குப்பட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிது. எனக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. இவருக்கு நைட் ஷிப்ட், பாப்பாவுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். நான் துணி காயப்போட மேலே வந்தபோது, நீ கம்பெனியில் சரக்கு அடுக்கி வருகிற மரப் பேலட் ஒன்றைப் பிரித்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தாய். கொடியில் துணியைப் போடப் போன என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஏய் பி.காம், அந்தக் கட்டய இப்டி புடி. ஆடுது பாரு" என்றாய். நான் என்ன படித்தேன் என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஹவுஸ் ஓனர் அம்மா சொல்லிகினு இருந்துச்சி. படிச்ச பொண்ணு, தண்ணிய வீணாக்காதுன்னு." சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கட்டைகள் ஒரு பெஞ்சு ஆகிவிட்டன.

உன் கையில் எது கிடைத்தாலும் வேறொன்று ஆகிவிடும். கம்பெனியில் ரிஜெக்ட் ஆன வாஷர்களைத் தூண்டில் நரம்பில் கோத்துக் கட்டித் தொங்கவிட்டாய்; காற்றடித்தால் சலங்கை மாதிரி ஒலிக்கும். மீன் வந்த தெர்மாகோல் பெட்டியில் புதினா. பெயின்ட் வாளியில் கற்பூரவல்லி. பாப்பாவின் பழைய கவுனைக் கிழித்து, தேங்காய் நாரைத் திணித்து, கண்ணுக்கு இரண்டு பட்டன் தைத்து ஒரு யானை. அதற்குத் தும்பிக்கை கொஞ்சம் நீளமாகிவிட்டது. "தண்ணி பைப்பாடி இது" என்று நான் கேலி பண்ணினேன். "இருக்கட்டும், செடிக்கி ஊத்தும்" என்றாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, கம்பெனி பஸ்கள் வரிசையாகத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு, நீ பறித்த தக்காளியை உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்போம். மாலுக்குப் போக வேண்டும், சினிமாவுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்தத் தக்காளி நீலக் கவரில் காய்த்தது. வெளிநாட்டிலிருந்து வரும் இரும்புப் பார்ட்ஸைச் சுற்றி வருகிற கவர். நீ பேக்கிங் செக்‌ஷன். பிரித்துப் போட்டால் குப்பை. கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்ப்பார், வெறும் கவர்தானே என்று விட்டுவிடுவார். நீ அதில் ஏரி மண்ணையும் சாணியையும் கலந்து போட்டாய். "கடையில க்ரோ பேக்குன்னு சொல்லி இன்னா வெல விக்கிறான் தெரிமா? இது அத்த வுட தடிசு" என்று பெருமை உனக்கு. அந்த வாசனை கொஞ்ச நாள் இருந்தது. புதுக் கவர் என்றால் வாசனை வரத்தானே செய்யும்?

பாப்பாவை நான் பெற்றேன். மாடியில் வளர்த்தது நீ. உனக்குக் குழந்தை இல்லை என்று உன் மாமியார் வாலாஜாபாத்திலிருந்து போன் போட்டுக் கேட்கிற நாளில் எல்லாம் நீ வந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுவாய். அவள் உன்னை "பெரிம்மா" என்றாள். "அம்மா" சொல்வதற்கு முன்னால் "தக்கி" சொன்னாள். தக்கி என்றால் தக்காளி. செடியிலிருந்து நேராக வாய்க்குப் போகும், சாறு முழங்கை வரை வழியும். இட்லியைத் துப்புகிற பிள்ளை, உன் செடியில் இருக்கிற கீரையைப் பருப்போடு கடைந்தால் கிண்ணத்தை நக்கும். நானும் போன் எடுத்துப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். "மருந்தடிக்காத காய், எங்கள் மாடித் தோட்டம்" என்று.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி முடிந்திருந்தது. நாங்கள் மேலே வந்தபோது நீ தக்காளிச் செடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தாய். கொத்துக் கொத்தாகக் காய் இருந்தது.

"ஏய், என்னடி பண்ற? காய் இருக்கே!"

"பூச்சி வுழுந்துடுச்சி."

நான் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பூச்சிகூட இல்லை. பாப்பா கீழே விழுந்த ஒரு செங்காயைப் பொறுக்கி வாய்க்குக் கொண்டுபோனாள். நீ அவள் விரல்களைப் பிரித்து அதைப் பிடுங்கி, கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனையில் வீசினாய். அதுவரை அவளிடம் நீ அப்படி ஒரு வேகத்தைக் காட்டியதே இல்லை. அவள் வீரிட்டு அழுதாள்.

"ஒரு காய்க்கு இவ்ளோவா?" என்று கேட்டேன்.

"கடையில வாங்கிக் குடுடி. இனிமே இங்க பூ மட்டும்தான்."

எனக்குச் சுருக்கென்றது. உன் பிள்ளையாக இருந்தால் பிடுங்குவாயா என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு இறங்கினேன். மறுநாள் நீ ஒரு பை நிறையக் கடைத் தக்காளியோடு வந்து நின்றாய். "நல்லா கழுவிட்டு குடு" என்றாய். சமாதானம் பேச வந்திருக்கிறாய் என்று நினைத்துக் காபி போட்டுக் கொடுத்தேன். காபி ஆறும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. "டிகாஷன் ஸ்ட்ராங்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

அதன் பிறகு நீலக் கவர்களில் டிசம்பர் பூவும் கனகாம்பரமும் வந்தன. பாப்பாவுக்குத் தினம் ஒரு முழம் கட்டிவைத்தாய். பொங்கல் வந்தது. கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு நீ வண்டியில் கிளம்பிய ஒரு காலையில் வாலாஜாபாத் ரோட்டில் கன்டெய்னர் லாரி வந்தது.

உன் காரியத்தன்று கம்பெனியில் உன் லைனில் வேலை பார்த்த அக்கா வந்திருந்தார். மாடியைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப்போனேன். கனகாம்பரம் பூத்துக் கிடந்ததைப் பார்த்து மூக்கைச் சிந்தினார்.

"பரவால்ல, சொன்னத கேட்டுகினு பூவாச்சும் வெச்சாளே. நான் தலப்பாடா அடிச்சிகினேன்மா. அது வெறும் கவரு இல்லடி, துரு புடிக்காம இருக்க மருந்து ஏத்தின கவரு, வாய்ல வெக்கிற ஐட்டம் எதுவும் அதுல வெக்காதன்னு. மூஞ்சி செத்துப்போச்சி அவளுக்கு."

"எப்போ சொன்னீங்கக்கா?"

"போனஸ் போட்டாங்களே, அந்த டைம்ல."

போனஸ் போட்டது தீபாவளிக்கு முன்னால். பூச்சி என்று நீ சொன்னது அதற்குப் பிறகு. நான் உன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா நான் உனக்காக அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான். பாப்பாவுக்கு வயிறு வலித்தால் அந்தக் கவர். உதடு வெடித்தால் அந்தக் கவர். பள்ளிக்கூடத்தில் அவளைவிட இன்னொரு குழந்தை ஒரு விரல் உயரமாக இருந்தால் அந்தக் கவர். டாக்டரிடம் கொண்டுபோனேன். என்ன மருந்து, எவ்வளவு சாப்பிட்டாள், எத்தனை நாள் என்று கேட்டார். எதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவள் நீ ஒருத்தி. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல்மா. நீங்கதான் டென்ஷன் ஆவுறீங்க" என்றார். இவரும் அதையேதான் சொல்கிறார். "அவளும் தெனம் அதத்தானே சாப்ட்டா? வேணும்னா குடுத்தா? செத்துப்போனவள எதுக்கு கரிச்சிக் கொட்ற?"

வேண்டுமென்று கொடுக்கவில்லை. அது எனக்கும் தெரியும். தெரிந்ததும் நிறுத்திவிட்டாய், அதுவும் தெரியும். காய்த்த செடியைப் பிடுங்க உனக்கு எப்படி இருந்திருக்கும் என்பதுகூடத் தெரியும். அதற்கெல்லாம் நான் கோபப்படவில்லை. பூச்சி என்றாய் பார், அதற்குத்தான். என் பிள்ளை வயிற்றுக்குள் போனது என்ன என்பது உனக்கும் உன் லைனுக்கும் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே டிகாஷனைப் பற்றிப் பேசினாய்.

ஏன் சொல்லவில்லை என்று யோசித்து யோசித்து ஒரு பதில் வைத்திருக்கிறேன். சொன்னால் பாப்பாவை மேலே அனுப்ப மாட்டேன் என்று பயந்திருப்பாய். சரியாகத்தான் பயந்தாய். அனுப்பியிருக்க மாட்டேன். கத்தியிருப்பேன், உன் மாமியார் சொல்கிற வார்த்தையைக்கூடச் சொல்லியிருப்பேன். கொஞ்ச நாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பா "பெரிம்மா" என்று படியைப் பார்த்துக் கை காட்டியிருப்பாள், நானும் துணி காயப்போடுகிற சாக்கில் வந்திருப்பேன். நீ நிமிர்ந்து பார்க்காமல் "கட்டய புடி" என்றிருப்பாய். அந்தச் சண்டையைப் போட எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கலாம். இப்போது பார், முடியாத சண்டையாகப் போய்விட்டது.

இன்று காலை பாப்பாவைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு நேராக மேலே போனேன். அந்தப் பெண் விதை வாங்கி வைத்திருந்தாள். சிறுகீரை, தண்டுக்கீரை. கவர்களில் மண் நிரப்பியாகிவிட்டது. சுவரோரம் வரிசையாக, அழகாகத்தான் இருந்தன.

"இது துரு பிடிக்காம இருக்க மருந்து ஏத்துன கவர்மா. இதுல சாப்பிடுற எதையும் போடாத" என்றேன்.

அவள் முகம் விழுந்தது. "எல்லாரும் போடுதாங்களேக்கா" என்றாள். "நீங்களும் முன்னாடி போட்டீங்கன்னு ஹவுஸ் ஓனர் அம்மா சொன்னாக."

"போட்டோம். தெரியாமப் போட்டோம். தெரிஞ்சவ சொல்லல."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பொறாமைக்காரி என்று நினைத்திருப்பாள். மதியம் அவள் வீட்டுக்காரன் மூட்டை மூட்டையாக மண்ணை இறக்கிக்கொண்டு போனான், என்னைப் பார்த்து வழக்கமாகச் சிரிக்கிறவன் சிரிக்கவில்லை. சிரிக்காவிட்டால் போகிறான். நாலு வார்த்தையில் முடிந்துவிட்டது. உன்னால் முடியாத ஒன்றில்லை அது.

நீ செய்ததெல்லாம் இங்கேதான் இருக்கிறது. பெஞ்சை நான் கீழே கொண்டுவந்துவிட்டேன். வாஷர் மணி எங்கள் சமையலறை ஜன்னலில் தொங்குகிறது. கழற்ற வேண்டும் என்று எத்தனையோ தடவை நாற்காலி போட்டு ஏறி, துடைத்துவிட்டு இறங்கியிருக்கிறேன். பாப்பாவுக்கு உன் கை வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த விதையைப் பெயின்ட் வாளியில் போட்டு வளர்க்கிறாள். வேண்டாம் வேண்டாம் என்றேன். வாளியை வெந்நீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தேன். தக்காளிச் செடி. இந்த வாரம் ஒன்று பழுத்தது.

பறித்துக்கொண்டு ஓடி வந்தாள். முன்பு போல வாயில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளங்கையில் வைத்து என் முன்னால் நீட்டி, "அம்மா, இது சாப்பிடலாமா?" என்று கேட்டாள்.

எதையும் அப்படித்தான் கேட்கிறாள். பிறந்தநாள் சாக்லேட்டைக் கேட்கிறாள், கோயில் சுண்டலைக் கேட்கிறாள், போன வாரம் மழைத் தண்ணீரை நாக்கை நீட்டிப் பிடிக்கலாமா என்று கேட்டாள். நான்தான் பழக்கினேன். நான் "ம்" என்று சொல்லும்வரை காத்திருப்பாள். அவள் காத்திருக்கிற அந்த நேரத்தில் எல்லாம், சாறு முழங்கை வரை வழிய உன் செடிக்கு நடுவில் நின்றவள் எனக்கு ஞாபகம் வருகிறாள். அவளை நான் திரும்பப் பார்க்கவே இல்லை.

"சாப்பிடு" என்றேன். பாதியைக் கடித்துவிட்டு மீதியை என் வாயில் வைத்தாள்.

புளிப்பாக இருந்தது. உன்னுடையது இதைவிட இனிக்கும்.