ஒற்றை சீட் பஸ்

கர்த்தருக்குள் பிரியமான மச்சானுக்கு,

தேவ கிருபையால் உன் அக்காளும் நானும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் நீ சொல்லப் போவதில்லை, அதனால் உன் வீட்டுக்காரி, என் தங்கச்சியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டோம். போன் அடித்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் "ம்" என்று ஒரு எழுத்து பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். ஆகையால்தான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் பேனா பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். கடிதத்தை அணைத்து வைக்க முடியாது பார். பிழைகளை உன் அக்காள் திருத்தியிருக்கிறாள். இன்னும் மிச்சம் இருந்தால் அவளைத் திட்டு. எனக்கும் ஒரு நாள் ஓய்வு கிடைக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் அனுப்பிய வீல்சேர் மூன்று மாதமாக அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லையாம். பெட்டிமேல் தங்கச்சி துணி மடித்து அடுக்குகிறாளாம். நல்ல அலமாரிதான், ஆனால் நான் அலமாரி அனுப்பவில்லை. தெருவில் பஸ் போகிற சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாய் என்றும் சொன்னாள். "காலை எடுத்தாச்சு, இனி நான் எதுக்கு இருக்கேன்னு கேக்குறாரு அண்ணே. நான் என்னன்னு சொல்லட்டும்?" என்று அழுதாள். எனக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் தெரியாத விஷயத்தைப் பற்றி நான் என்றைக்காவது பேசாமல் இருந்திருக்கிறேனா?

இங்கே எங்கள் ஜெபக்கூட்டத்தில் போதகர் ஒரு புது ஏற்பாடு செய்தார். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய மடித்த தாள்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரு வசனம். "வசனத்தை வாசிச்சது போதும், எல்லாரும் ஒரு மாசம் அதை செஞ்சு பாருங்க" என்றார். ஆளுக்கு ஒன்று எடுத்தோம். உன் அக்காளுக்கு வந்தது நாவை அடக்கச் சொல்லும் வசனம். கர்த்தருக்கும் சிரிக்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். ஒன்றரை நாள் அவள் வாயே திறக்கவில்லை. உடம்புக்கு ஏதோ என்று பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டாள், அதற்கப்புறம்தான் எனக்கு நிம்மதி.

எனக்கு வந்தது, ஒருவன் உன்னை ஒரு மைல் தூரம் வரச்சொல்லி வற்புறுத்தினால் நீ அவனோடு இரண்டு மைல் போ என்கிற வசனம்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. மூட்டை தூக்கி முதுகு போன பிறகு ஆஸ்பத்திரியில் வீல்சேர் தள்ளச் சேர்ந்தேன். வார்டிலிருந்து ஸ்கேன் அறை, ஸ்கேன் அறையிலிருந்து வார்டு. யாராவது கேட்டால் "ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். டாக்டர் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டுமே. நீதான் விடவில்லை. கல்யாண வீட்டில் அத்தனை பேர் முன்னாலும் "அத்தான் ஒற்றை சீட் பஸ் ஓட்டுறாரு, டிக்கெட் கிடையாது" என்று சொல்லி மானத்தை வாங்கினாய். சிரித்துவிட்டேன், ஆனால் உள்ளே கொஞ்சம் குத்தியது. நானும் அப்போது உன் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் மச்சான். ஐம்பது வயதுக்கு மேல் ஆளைத் தள்ளுகிற வேலை. இதற்குத்தானா என்னைப் படைத்தார் என்று.

சரி, வசனம் வந்துவிட்டது, செய்து பார்க்க வேண்டுமே. போதகரிடம் அர்த்தம் கேட்டிருக்கலாம். எனக்குத்தான் மண்டைக்கனம். மைல் என்றால் தூரம், என் வேலையும் தூரம், இதில் கேட்க என்ன இருக்கிறது? எலும்பு வார்டிலிருந்து ஸ்கேன் அறை வரை எண்ணிப் பார்த்தேன், இருநூற்று நாற்பது அடி வைக்க வேண்டும். அப்படியானால் நானூற்று எண்பது. கணக்கில் நான் புலி.

மறுநாள் காலை எனக்குக் கிடைத்தவர் ஒரு பேக்கரிக்காரர். எழுபது வயது. இடுப்பு எலும்பு முறிந்து கம்பி வைத்தவர். பதினொரு நாளாக அந்த வார்டில் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார், யாரிடமும் பேசுவதில்லை. ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஏற்றி உட்காரவைத்து, கால்பலகையில் காலை வைத்து, பிரேக்கை எடுத்துக் கிளம்பினேன். ஸ்கேன் அறை வாசல் வந்தது. நிற்கவில்லை. அப்படியே தள்ளிக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டேன்.

அவருக்குத் திக்கென்று ஆகிவிட்டது. "யோவ், எங்கய்யா கொண்டு போற?" என்றார். "இரண்டாவது மைலுங்க" என்றேன். "எந்த மைல்?" என்றார். "வேதத்துல இருக்குங்க" என்றேன். கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒரு பைத்தியத்தின் கையில் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்திருப்பார், பாவம்.

பின்பக்கத்தில் ஒரு சரிவு உண்டு. சரிவில் வீல்சேரை முன்னுக்கு இறக்கக் கூடாது, ஆள் குப்புற விழுந்துவிடுவார். திருப்பிப் பின்னோக்கி இறக்க வேண்டும். அப்படி இறக்கி மறுபடி திருப்பினேன். எதிரே வேப்பமரம், வெயில், காயப்போட்ட போர்வைகள். மனிதர் தலையை நிமிர்த்தி ஆகாயத்தைப் பார்த்தார். அப்புறம் மூக்கை உறிஞ்சினார். பக்கத்தில் ஆஸ்பத்திரிச் சமையலறை, அங்கே ரொட்டி சுடுகிறார்கள்.

"மாவு சரியா பொங்கல. பிசைஞ்சவன் அவசரக்காரன்" என்றார். வார்டில் பதினொரு நாளாக ஒரு முழு வாக்கியம்கூட அவர் பேசவில்லை என்று பிறகு நர்ஸம்மா சொன்னார்கள். "என்னை அங்க கொண்டு போ" என்றார். நான் வேண்டாம் என்று சொல்கிற ஆளா? கதவைத் தட்டினோம். உள்ளேயிருந்து சமையல்காரர் மாவுக் கையோடு வந்தார். நம் ஆள் வீல்சேரில் உட்கார்ந்தபடியே "ஈரத்துணி போட்டு மூடி எவ்வளவு நேரம் வச்ச?" என்று கேட்க, அவர் திருதிருவென்று விழிக்க, வாக்குவாதம் சூடு பிடித்துவிட்டது. கடைசியில் மாவுத் தட்டு அவர் மடிக்கே வந்தது. விரலால் ஒரு அழுத்து அழுத்திக் காட்டினார். "பாரு, குழி உடனே துள்ளி எழும்பிடுது. இது மெல்ல எழும்பி வரணும்" என்றார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இந்தச் சந்தோஷத்தில் ஸ்கேனை மறந்துவிட்டோம். உள்ளே அவர் மகள் வந்து பார்க்கிறாள், அப்பா ஸ்கேன் அறையிலும் இல்லை, வார்டிலும் இல்லை. "எங்கப்பாவைக் காணோம்" என்று மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டுவிட்டாள். நாங்கள் திரும்பி வரும்போது அவர் முறை போய்விட்டது, சட்டை முழுக்க மாவு. என் சூப்பர்வைசர் மூக்கால் விசிலடிக்கிற ஆள். கோபம் வந்தால் விசில் பெரிதாகும். அன்றைக்கு ரயிலே வந்தது. "உன்னை யாரு ஊர் சுத்திக் காட்டச் சொன்னது? வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வா, வேலை இருக்கா இல்லையான்னு பேசிக்கலாம்" என்றார். அதுவரை ஸ்டோரில் உட்கார்ந்து சக்கரத்துக்கு எண்ணெய் போடச் சொல்லிவிட்டார். தப்பு என்னுடையது, வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் நான் என் வசனத்தை விட்டு உன் அக்காளுடைய வசனத்தைத்தான் கடைப்பிடித்தேன்.

சாயங்காலம் போதகரிடம் போய்ச் சொன்னேன். பாவி மனுஷன், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம்தான் அர்த்தம் சொன்னார். அந்தக் காலத்தில் ரோமராஜ்யத்துச் சிப்பாய் எவனையாவது பிடித்து "என் மூட்டையை ஒரு மைல் தூக்கு" என்றால் தூக்கியே ஆக வேண்டுமாம், சட்டம். "முதல் மைல்ல நீங்க அவனுக்கு வேலைக்காரன். இரண்டாவது மைல்ல யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தல. அது நீங்களா குடுக்கிறது" என்றார். அதோடு விட்டாரா? "ஆனா சிப்பாயைப் போக வேண்டிய எடத்துக்குக் கொண்டுபோய்ச் சேத்துடணும்" என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போனால், எனக்கு முன்னாலேயே பேக்கரிக்காரர் அங்கே இருக்கிறார். மகளை வீல்சேர் தள்ளவைத்து வந்திருக்கிறார். "என்னை இவன் கடத்தல. நான்தான் இவனைக் கடத்திக்கிட்டு சமையலறைக்குப் போனேன். திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க" என்றார். கத்தின அதே மகள், "அப்பா நேத்து ரெண்டு தடவை சாப்பிட்டாரு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். விசில் மெல்ல மெல்ல அடங்கியது. வேலை பிழைத்தது. இப்போது டாக்டர் சம்மதித்தவர்களுடைய சீட்டில் நர்ஸம்மா "வெளியே பத்து நிமிடம்" என்று எழுதிவிடுகிறார்கள். முதலில் ஸ்கேன், பிறகுதான் வேப்பமரம். சமையலறை ரொட்டியும் இப்போது பஞ்சு மாதிரி வருகிறது.

இதையெல்லாம் பெருமைக்கு எழுதவில்லை மச்சான். சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான். ஆனால் ஸ்டோரில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த அந்த மூன்று நாளும் ஒன்றே ஒன்று மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த இரண்டாவது மைலை நான் எங்கேயோ ஏற்கெனவே பார்த்திருக்கிறேனே என்று. ஞாபகம் வந்தது. நீ ஓட்டின பஸ்ஸில்.

நான் மூட்டை தூக்கப் போன காலத்தில் ஒரு நாளாவது நேரத்துக்கு நிறுத்தத்தில் நின்றிருக்கிறேனா? சாப்பாட்டுப் பையும் கையுமாக ஓடி வருவேன். பஸ் கிளம்பியிருக்கும். கண்டக்டர் விசில் மேல் விசிலாக ஊதுவான். நீ நிறுத்துவாய். எனக்கு மட்டுமா? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வருகிறவள், கைத்தடி ஊன்றி வருகிற கிழவர், எல்லாருக்கும் அந்த அரை நிமிடம் உண்டு. சும்மா ஓட்டிக்கொண்டு போயிருந்தாலும் உன்னை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு தடவை நான் ஏன் என்று கேட்டதற்கு, "கண்ணாடியில ஒரு ஆள் ஓடி வர்றது தெரிஞ்சா கால் தானா பிரேக்குக்குப் போயிடுது அத்தான்" என்றாய்.

அந்தக் கால்தான் இப்போது இல்லை. எனக்குத் தெரியும். அதை நினைத்துக்கொண்டே, எண்ணெய் போட்ட சக்கரத்துக்கே மறுபடி எண்ணெய் போட்டேன். ஆனால் கண்ணாடியில் பார்த்தது கால் இல்லையே மச்சான்.

நீ எதற்காக இருக்கிறாய் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. உண்டாக்கினவரைக் கேள், அவர் சொல்லுவார். பேக்கரிக்காரருக்குக் கட்டிலில் கிடந்தபோது தெரியவில்லை, வாசலைத் தாண்டி ரொட்டி வாசனை மூக்கில் ஏறின பிறகுதான் தெரிந்தது. அதற்குமேல் எனக்குத் தத்துவம் வராது, வந்தாலும் உன் அக்காள் அடித்துவிடுவாள்.

ஆகையால் கேள். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். வேலைக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் மூக்கு விசில் அடிக்காமலே சம்மதித்தார். ஸ்பேனரும் எண்ணெயும் என் பையில் இருக்கும். அக்காளுடைய நாவடக்க மாதம் முடிந்துவிட்டது, சேர்த்து வைத்ததையெல்லாம் உன்னிடம்தான் பேசப் போகிறாள், அதற்கும் ஆயத்தமாக இரு. தங்கச்சியிடம் பெட்டிமேலிருக்கும் துணியை எடுத்துவிடச் சொல்.

முதல் மைல் உன் வாசல்படி வரை. இரண்டாவது மைல் தெருமுனைப் பஸ் நிறுத்தம் வரை. இடது, வலது, நில் எல்லாம் நீதான் சொல்ல வேண்டும். நான் வெறும் இன்ஜின், டிரைவர் நீ. சரிவு வந்தால் மட்டும் என் பேச்சைக் கேள், திருப்பித்தான் இறக்குவேன்.

உன்னைக் கட்டாயப்படுத்தித் தூக்கி உட்காரவைக்க மாட்டேன். வண்டியை உன் அறை வாசலில் நிறுத்தி, வாயாலேயே ஹார்ன் அடிப்பேன். நீ ஆயத்தமாக எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். கண்டக்டர் கிடையாது, விசில் கிடையாது. நீ எனக்காக எத்தனை நாள் நிறுத்தியிருக்கிறாய்.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. நீ வரும்வரை வண்டி நிற்கும் மச்சான்.

இப்படிக்கு,
உன் அக்காளைக் கட்டிக்கொண்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும்,
உன் அத்தான்
(ஒற்றை சீட் பஸ் டிரைவர்)